ஈஸ்டரை நகர்த்தும் நிலா எங்கே இருக்கிறது?

கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர் 25, மாற்றமே இல்லை. ஈஸ்டர் மட்டும் ஓர் ஆண்டு மார்ச் கடைசியிலும் இன்னோர் ஆண்டு ஏப்ரல் கடைசியிலும் வருகிறது. இதை யார் முடிவு செய்கிறார்கள்? கிரீஸ், ரஷ்யா போன்ற கிழக்கு நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஏன் வேறு நாளில் கொண்டாடுகின்றன? அடிப்படையில் இது ஏதோ ஒரு பழைய தேவதையின் பண்டிகைதான் என்கிறார்களே, அது உண்மையா? இதுதான் கேள்வி. ஒரு கேள்விக்குள் மூன்று இருக்கின்றன.

வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரே வரிதான்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வரியை நம்பி வானத்தைப் பார்த்தவர்கள் 2019-இல் குழம்பிப் போயிருப்பார்கள். அந்த ஆண்டு பகலும் இரவும் சமமாகும் சம இராப்பகல் கணம், உலக நேரப்படி மார்ச் 20 இரவு. நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை, மார்ச் 21 அதிகாலையில் பௌர்ணமி வந்துவிட்டது. அன்று வியாழக்கிழமை. விதிப்படி மார்ச் 24 ஞாயிறு ஈஸ்டராக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஈஸ்டர் வந்தது நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 21-இல். யாரும் கணக்கில் பிசகவில்லை. திருச்சபை பார்க்கும் நிலா வானத்தில் இருக்கும் நிலா அன்று, ஓர் அட்டவணைக்குள் இருக்கும் நிலா. அந்த நிலா எப்படி அட்டவணைக்குள் போனது என்பதுதான் ஈஸ்டர் தேதியின் மொத்தக் கதையும்.

முதலில் பஸ்கா. யூதர்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பண்டிகை அது. நிசான் மாதம் 14-ஆம் நாள் சாயங்காலம் ஆட்டுக்குட்டியை அடித்து, அன்றிரவு உண்பார்கள். அவர்களுடைய மாதம் பிறை தெரிவதில் தொடங்குவதால் 14-ஆம் நாள் என்பது பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். இயேசு சிலுவையில் அறையப்பட்டது இந்தப் பஸ்கா சமயத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. கல்லறை காலியாகக் காணப்பட்டது வாரத்தின் முதல் நாள், அதாவது ஞாயிறு. இதில் நான்கு நற்செய்திகளும் ஒத்துப்போகின்றன. அந்த வெள்ளி நிசான் 14-ஆ 15-ஆ என்பதில்தான் பிரிகின்றன. யோவான் எழுதியதைப் பார்த்தால் பஸ்கா ஆடுகள் அடிக்கப்படும் 14-ஆம் நாள். மற்ற மூவரும் சொல்வதைப் பார்த்தால் பஸ்கா விருந்து முடிந்த மறுநாள். அறிஞர்கள் அதிகம் பேசும் தேதிகள் இரண்டு: கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3. இரண்டுமே வெள்ளிக்கிழமைகள்.

ஈஸ்டர் ஏன் அலைகிறது என்பதற்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. இந்த நினைவுநாளோடு மூன்று விஷயங்கள் சேர்ந்தே வருகின்றன. வசந்த காலம், அது சூரியன் கணக்கு. பௌர்ணமி, அது சந்திரன் கணக்கு. ஞாயிறு, அது வாரக் கணக்கு. வானத்தில் எதோடும் அதற்குத் தொடர்பில்லை. சூரிய ஆண்டு சுமார் 365.2422 நாள். சந்திர மாதம் சுமார் 29.5306 நாள். வாரம் ஏழு நாள். ஒன்றை இன்னொன்றால் மீதியில்லாமல் வகுக்க முடியாது. கிறிஸ்துமஸ் சூரியக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டது, அதனால் ஒரே தேதியில் நிற்கிறது. ஈஸ்டர் மூன்றையும் விடமாட்டேன் என்கிறது.

ஆரம்பத்தில் எல்லோரும் மூன்றையும் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் சபைகள், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி, நிசான் 14 எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே கொண்டாடின. ரோமும் வேறு பல சபைகளும் அடுத்து வரும் ஞாயிற்றுக்காகக் காத்திருந்தன. கி.பி. 155 வாக்கில் சிமிர்னாவின் முதிய ஆயர் பொலிகார்ப் ரோமுக்குப் போய் அங்கிருந்த ஆயர் அனிசெட்டஸிடம் இதைப் பற்றிப் பேசினார். நான் இயேசுவின் சீடர் யோவானிடமிருந்து கற்ற வழக்கம் என்றார் பொலிகார்ப். என் முன்னோரின் வழக்கம் என்றார் அனிசெட்டஸ். ஒருவர் மற்றவரை மாற்ற முடியவில்லை. இருந்தும் சேர்ந்தே வழிபட்டு, சமாதானமாகப் பிரிந்தார்கள்.

அடுத்த தலைமுறைக்கு அந்தப் பொறுமை இல்லை. சுமார் 190-இல் ரோமின் ஆயர் விக்டர், பதினான்காம் நாள்காரர்களை மொத்தமாக விலக்கி வைக்கப் பார்த்தார். எபேசின் பாலிகிராட்டஸ், எங்கள் மண்ணில் இன்னார் இன்னார் அடக்கமாகியிருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் 14-ஆம் நாளையே கைக்கொண்டார்கள் என்று ஒரு பட்டியலே எழுதி அனுப்பினார். லியோன் நகர ஆயர் ஐரேனியஸ் ஞாயிறு பக்கம்தான் இருந்தார். ஆனாலும் விக்டருக்கு, இதற்காகச் சபைகளை வெட்டிவிடாதீர்கள் என்று கடிதம் எழுதினார். ஐரேனியஸ் என்ற பெயருக்கே சமாதானக்காரர் என்றுதான் பொருள். இதையெல்லாம் எழுதி வைத்த வரலாற்றாசிரியர் யூசேபியஸ், பெயருக்கு ஏற்ற ஆள் என்று அதைக் குறிப்பிடாமல் விடவில்லை. போகப்போக ஞாயிறுதான் வென்றது.

சரி, ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. எந்த ஞாயிறு? தொடக்கத்தில் கிறிஸ்தவர்கள், யூத அயலார் பஸ்கா எப்போது என்று சொல்கிறார்களோ அதைப் பார்த்து நாளைக் கணித்துக்கொண்டார்கள். மூன்றாம் நூற்றாண்டில் இது பலருக்கு உறுத்தத் தொடங்கியது. சந்திர ஆண்டைப் பருவத்தோடு பொருத்த யூத நாட்காட்டியில் சில ஆண்டுகளில் ஓர் அதிக மாதம் சேர்ப்பார்கள்; அது அப்போது இடத்துக்கு இடம் ஒரே மாதிரி இருக்கவில்லை. சில ஆண்டுகளில் பஸ்கா சம இராப்பகலுக்கு முன்பே வந்துவிடுகிறது என்ற குறை இருந்தது. அதோடு, இன்னொரு சமூகத்தைப் பார்த்து நம் பண்டிகையை வைத்துக்கொள்வதா என்ற எண்ணமும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அதனால் அவரவர் அட்டவணை போடத் தொடங்கினார்கள். கி.பி. 222-இலிருந்து தொடங்கும் ஓர் அட்டவணை ரோமில் ஒரு கற்சிலையின் நாற்காலியில் செதுக்கப்பட்டது. ஹிப்போலிட்டஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தச் சிலை 1551-இல் கண்டெடுக்கப்பட்டது. அந்த அட்டவணை, 16 ஆண்டுக்கு ஒருமுறை பௌர்ணமிகள் அதே தேதிகளுக்குத் திரும்பும் என்று எடுத்துக்கொண்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 16 ஆண்டு 5,844 நாள், 198 சந்திர மாதம் 5,847 நாள். ஒரே சுற்றில் மூன்று நாள் உதைக்கிறது. ஒரு தலைமுறை முடிவதற்குள் அட்டவணையில் பௌர்ணமி, வானத்தில் இன்னும் நிறையாத நிலா என்ற நிலை. கல்லில் செதுக்குவதற்கு முன்பு கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

எகிப்தின் அலெக்சாந்திரியாக்காரர்கள் பிடித்தது வேறு சுற்று, 19 ஆண்டு. ஏதென்ஸின் மெட்டன் கி.மு. 432-இலேயே சொன்னது அது. 19 ஆண்டில் 235 சந்திர மாதங்கள். ஜூலியஸ் சீசர் கொண்டுவந்த, ஆண்டுக்கு 365.25 நாள் என்ற ஜூலியன் கணக்கில் 19 ஆண்டு 6,939.75 நாள், 235 மாதம் 6,939.69 நாள். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஒரு நாள் பிசக முன்னூறு ஆண்டுக்கு மேல் ஆகும். அந்தக் காலத்துக்கு இது அபாரமான பொருத்தம். ஈஸ்டர் அட்டவணைகள் அத்தனைக்கும் இன்று வரை முதுகெலும்பு இதுதான்.

இனி நிசேயா. கி.பி. 325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய அந்தப் பேரவைதான் "சம இராப்பகலுக்குப் பின் வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு" என்ற விதியை இயற்றியது என்று ஏறக்குறைய எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நிசேயா இயற்றிய 20 சட்டங்களைப் புரட்டினால் அதில் ஈஸ்டர் விதியே கிடையாது. பேரவை முடிவு செய்தது இரண்டு: எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும், யூதக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. பேரவையின் கடிதத்திலிருந்தும் கான்ஸ்டன்டைனின் கடிதத்திலிருந்தும்தான் இது நமக்குத் தெரிகிறது. பேரரசரின் கடிதத்தில் யூதர்களைப் பற்றி இருக்கும் வார்த்தைகள் படிக்கவே கசப்பானவை. எப்படிக் கணக்கிடுவது என்பது அலெக்சாந்திரியாவின் திறமைக்கு விடப்பட்டது. அந்நகரின் ஆயர் ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் தேதியை அறிவித்து ஒரு திருவிழாக் கடிதம் அனுப்புவது வழக்கம். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்று இருக்கிறபடியே முதன்முதலில் பட்டியலிட்டது, அத்தனாசியஸ் 367-இல் எழுதிய அப்படியொரு ஈஸ்டர் தேதிக் கடிதம்தான்.

ஒரே நாள் என்று தீர்மானம் போட்டால் ஒரே நாள் ஆகிவிடுமா? ரோம் வேறு சுற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது, 84 ஆண்டுச் சுற்று. சம இராப்பகல் நாளும் அவர்களுக்கு மார்ச் 25. அலெக்சாந்திரியாவுக்கு மார்ச் 21. இதனால் சில ஆண்டுகளில் ஒரு மாதம்வரை தள்ளிப்போனது. 387-இல் அலெக்சாந்திரியக் கணக்குப்படி ஈஸ்டர் ஏப்ரல் 25. மிலான் ஆயர் அம்புரோஸ் அதையே ஏற்றுக்கொண்டார். அந்த ஈஸ்டர் இரவில் அவர் திருமுழுக்குக் கொடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெரிய இறையியலாளராக அறியப்பட்ட அகஸ்டின்.

இழுபறி தீர்ந்தது ஒரு துறவியின் அட்டவணையால். கி.பி. 525-இல் ரோமில் இருந்த டயோனீசியஸ் எக்சிகுவஸ், அலெக்சாந்திரிய அட்டவணையை இன்னும் 95 ஆண்டுக்கு நீட்டினார். பழைய அட்டவணை டயோக்ளீஷியன் ஆட்சியிலிருந்து ஆண்டுகளை எண்ணியது. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய ஒருவனின் பெயரால் ஏன் எண்ண வேண்டும் என்று, டயோக்ளீஷியன் 247-க்கு அடுத்த ஆண்டை "நம் ஆண்டவரின் மனித அவதாரத்திலிருந்து 532" என்று எழுதிவிட்டார். இன்று நாம் எழுதும் கிறிஸ்து ஆண்டுக் கணக்கு பிறந்தது அப்படித்தான். ஒரு பண்டிகை அட்டவணையின் ஓரத்தில் செய்த திருத்தம் அது. உலகம் முழுக்க ஒப்பந்தத்திலும் காசோலையிலும் நாம் எழுதும் ஆண்டு எண், ஈஸ்டர் கணக்கின் உபரி விளைச்சல். இந்தத் தலைப்பில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

பிரிட்டன் தீவுகளில் பழைய 84 ஆண்டுச் சுற்று இன்னும் பிழைத்திருந்தது. அயர்லாந்து வழியாக வந்த துறவிகள் அதைப் பின்பற்றினார்கள். வட இங்கிலாந்தின் நார்தம்பிரியா அரசன் ஓஸ்வியு அவர்கள் பக்கம். கென்ட்டில் வளர்ந்த அரசி ஏன்ஃப்ளெட் ரோமின் பக்கம். ஒரே அரண்மனையில் அரசன் நோன்பை முடித்து ஈஸ்டர் விருந்தில் இருக்க, அரசியும் அவளைச் சேர்ந்தவர்களும் ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்திய குருத்து ஞாயிறை இன்னும் அனுசரித்து நோன்பிலேயே இருந்தார்கள். 664-இல் விட்பி மடத்தில் இதற்காக ஒரு விவாதம் நடந்தது. அயர்லாந்து வழக்கத்துக்காக ஆயர் கோல்மன் பேசினார், ரோமுக்காக வில்ஃப்ரிட் பேசினார். விண்ணக வாசலின் சாவி பேதுருவிடம் கொடுக்கப்பட்டது என்று வில்ஃப்ரிட் சொன்னதும், அது உண்மைதானா என்று கோல்மனைக் கேட்டான் அரசன். உண்மை என்றார். அப்படியானால் வாசல்காரரைப் பகைத்துக்கொள்ள நான் தயாரில்லை என்று சொல்லி ரோம் பக்கம் சாய்ந்தான். வானியல் எடுபடாத இடத்தில் சாவி எடுபட்டது.

இந்த நிகழ்ச்சியை எழுதிய பீட் என்ற ஆங்கிலேயத் துறவியிடம்தான் தேவதைக் கேள்விக்கும் விடை இருக்கிறது. 725-இல் எழுதிய காலக் கணக்கு நூலில், ஆங்கிலேயர்கள் முன்பு ஏப்ரலை ஒட்டிய மாதத்தை ஏயோஸ்டர் மாதம் என்றார்கள், ஏயோஸ்ட்ரே என்ற தேவதையின் பெயர் அது, இப்போது பஸ்கா காலத்துக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது என்கிறார். அவ்வளவுதான், ஓரிரு வரி. முயல் இல்லை, முட்டை இல்லை, கோயில் இல்லை. அந்தத் தேவதையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பழைய எழுத்து வேறு எதுவும் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் இதிலிருந்து ஜெர்மானியர்களுக்கும் ஓஸ்டாரா என்றொரு தேவதை இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். மீதி அலங்காரமெல்லாம் அதற்குப் பின் சேர்ந்தது. ஜெர்மனியின் மோர்க்கன்-ஹார்ஃப் அருகே 1958-இல் கண்டெடுக்கப்பட்ட ரோமானியக் காலக் கல்வெட்டுகளில் ஆஸ்ட்ரியாஹெனே என்ற தாய்த் தெய்வங்களின் பெயர் இருக்கிறது. அதனால் பீட் கற்பனையாகச் சொல்லவில்லை என்று நினைக்கும் அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும். தேவதை இருந்தே இருந்தாலும் கிடைப்பது ஒரு மாதத்தின் பெயர்தான், பண்டிகையின் பிறப்பு அன்று. பீட் இதை எழுதுவதற்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே, ஆங்கிலமே கேட்டிராத சின்ன ஆசியாவில் இந்தப் பண்டிகையின் நாளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிரேக்கம், லத்தீன், ரஷ்யன், ஸ்பானிஷ், இத்தாலியன், பிரெஞ்சு எல்லாவற்றிலும் பெயர் பஸ்காவிலிருந்து வந்தது. தமிழிலும் பாஸ்கா என்ற சொல் இருக்கிறது. ஈஸ்டர், ஓஸ்டர்ன் என்பது ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் உள்ள தனி வழக்கு. பாபிலோனின் இஷ்டார் பெயரைத்தான் ஈஸ்டர் என்று மாற்றிவிட்டார்கள் என்பது வெறும் ஒலி ஒற்றுமை. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. முட்டைக்கு எளிய காரணம் உண்டு. இடைக்காலத்தில் தவக்காலத்தின் நாற்பது நாளும் முட்டை விலக்கு. கோழி தவக்காலம் பார்த்து முட்டையிடுவதை நிறுத்தாதே. சேர்ந்துபோன முட்டை ஈஸ்டருக்குத்தான் சாப்பாட்டுக்கு வரும்.

இனி 1582. ஜூலியன் ஆண்டு உண்மையான ஆண்டைவிடப் பதினோரு நிமிடம் நீளம். 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். அட்டவணை சம இராப்பகல் மார்ச் 21 என்று சொல்லிக்கொண்டிருக்க, சூரியன் மார்ச் 11-இலேயே கடந்துகொண்டிருந்தது. 19 ஆண்டுச் சுற்றின் அந்த ஒன்றரை மணி நேரமும் சேர்ந்து சேர்ந்து, அட்டவணை நிலா வானத்து நிலாவுக்கு நான்கு நாள் பின்தங்கியிருந்தது. திருத்தத்தை வகுத்தவர் இத்தாலிய மருத்துவர் அலோய்சியஸ் லிலியஸ்; 1576-இல் இறந்துவிட்டார். அதை விளக்கி, வாதாடி நிலைநிறுத்தியவர் இயேசு சபைக் கணிதவியலாளர் கிறிஸ்டோபர் கிளேவியஸ். போப் கிரிகோரி 13-இன் ஆணைப்படி 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி ஆனது. அவிலாவின் புனித தெரேசா இறந்தது அந்த இரவில்தான். அவருடைய திருநாள் அக்டோபர் 15 என்று இருப்பது அதனால்.

பத்து நாள் தாண்டியதும், 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு ஆண்டுகளுக்கு லீப் நாள் கிடையாது என்ற விதியும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் லிலியஸின் உண்மையான சாமர்த்தியம் நிலாவைத் திருத்தியதில் இருக்கிறது. பழைய 19 ஆண்டுச் சுற்றை அவர் தூக்கி எறியவில்லை. அதன் மேல் இரண்டு திருகாணிகளைப் பொருத்தினார்: லீப் நாள் விடப்படும் நூற்றாண்டுகளில் அட்டவணை ஒரு நாள் ஒரு பக்கம் நகரும், நிலாவின் பிசகைச் சரிசெய்ய 2,500 ஆண்டில் எட்டு முறை மறுபக்கம் நகரும். இந்த இரண்டும் ஓரோர் சமயம் ஒன்றையொன்று அடித்துவிடும். 2100-இல் அப்படித்தான் நடக்கப் போகிறது. அதனால் 1900 முதல் 2199 வரை ஒரே அட்டவணை போதும்.

அந்த அட்டவணையை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆண்டை 19-ஆல் வகுத்து, மீதியோடு 1 கூட்டுங்கள். வருவது பொன் எண். பொன் எண் 1 என்றால் ஈஸ்டர் பௌர்ணமி ஏப்ரல் 14. சந்திர ஆண்டு 354 நாள் என்பதால் அடுத்த ஆண்டு 11 நாள் முன்னால் வரும்: 2-க்கு ஏப்ரல் 3, 3-க்கு மார்ச் 23. இன்னும் 11 கழித்தால் மார்ச் 21-க்கு முன்னால் போய்விடும். அப்போது 19 கூட்டி அடுத்த பௌர்ணமிக்குத் தாவ வேண்டும்: 4-க்கு ஏப்ரல் 11. 5-க்கு மார்ச் 31. 6-க்கு ஏப்ரல் 19 வர வேண்டும். ஆனால் பழைய அட்டவணையில் ஏப்ரல் 18-க்குப் பிந்திய பௌர்ணமி கிடையாது, ஈஸ்டரும் ஏப்ரல் 25-ஐத் தாண்டியதில்லை. அந்த எல்லையைக் காப்பாற்ற கிளேவியஸ் குழு அதை 18 என்று ஒரு நாள் இழுத்துப் பிடித்தது. பிறகு 7-க்கு ஏப்ரல் 8, 8-க்கு மார்ச் 28, இப்படியே போகும். பொன் எண் 17-இலும் இதே மாதிரி ஒரு நாள் பிடிப்பு உண்டு, அங்கே ஏப்ரல் 17. பௌர்ணமி கிடைத்துவிட்டால் அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர்; பௌர்ணமியே ஞாயிறு என்றால் அதற்கும் அடுத்த ஞாயிறு.

2026-ஐ எடுத்துக்கொள்வோம். 19-ஆல் வகுத்தால் மீதி 12, பொன் எண் 13, பௌர்ணமி ஏப்ரல் 2 வியாழன். ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027-க்குப் பொன் எண் 14, பௌர்ணமி மார்ச் 22 திங்கள். ஈஸ்டர் மார்ச் 28. தொலைநோக்கி வேண்டாம், காகிதம் போதும்.

2019-இன் மர்மமும் இங்கே அவிழ்கிறது. அதன் பொன் எண் 6. அட்டவணை நிலாவுக்கு அந்த மார்ச் மாதப் பௌர்ணமி 20-ஆம் தேதி. வானத்து நிலாவைவிட ஒரு நாள் முந்தி, எல்லைக்கோட்டுக்கு ஒரு நாள் முன்னால். அதனால் அது செல்லாது. அடுத்தது ஏப்ரல் 18 வியாழன், ஈஸ்டர் ஏப்ரல் 21. பத்தொன்பது ஆண்டு கழித்து 2038-இலும் பொன் எண் 6 வருகிறது. அந்த ஏப்ரல் 18 ஞாயிறாகவே வருவதால் ஈஸ்டர் ஏப்ரல் 25, வரக்கூடிய கடைசித் தேதி. இதற்கு முன் அந்தத் தேதியில் வந்தது 1943-இல். அதுவும் பொன் எண் 6. மறுகோடியான மார்ச் 22-இல் கடைசியாக ஈஸ்டர் வந்தது 1818-இல். இனி 2285 வரை வராது. இப்போதைய அட்டவணையில் மார்ச் 21 பௌர்ணமியே இல்லை என்பதுதான் காரணம். மிக முந்தியது மார்ச் 22. 2008-இல் அது சனிக்கிழமையில் விழுந்து மார்ச் 23 ஈஸ்டர் ஆனது. கிரிகோரியன் ஈஸ்டர் தேதிகள் முழுச் சுற்றுச் சுற்றி அதே வரிசைக்குத் திரும்ப 57 லட்சம் ஆண்டு ஆகும்.

கணிதமேதை கவுஸ் 1800-இல் இதையெல்லாம் ஒரு சூத்திரமாகச் சுருக்கினார். எதிர்காலத்துக்கான ஒரு சின்னப் பிழை அதில் இருந்தது, 1816-இல் திருத்திக்கொண்டார். அவருடைய தாய்க்கு மகன் பிறந்த தேதி நினைவில்லையாம். இயேசு விண்ணேறியதை நினைவுகூரும் விண்ணேற்ற நாளுக்கு எட்டு நாள் முந்தைய புதன்கிழமை என்று மட்டும் நினைவாம். 1777-இல் ஈஸ்டர் மார்ச் 30. விண்ணேற்றம் ஈஸ்டரையும் சேர்த்து நாற்பதாம் நாள், மே 8. எட்டு நாள் பின்னால் போனால் ஏப்ரல் 30. அதுதான் கவுஸின் பிறந்த நாள்.

ஆர்த்தடாக்ஸ் கேள்விக்கு வருவோம். அவர்களுடைய விதி வேறு அன்று, விதி ஒன்றேதான். அட்டவணைதான் பழையது. பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் சபைகள், கிறிஸ்துமஸைப் புதிய தேதிக்கு மாற்றிக்கொண்டவைகூட, ஈஸ்டருக்கு மட்டும் ஜூலியன் அட்டவணையை விடவில்லை. பின்லாந்து ஆர்த்தடாக்ஸ் சபை போன்ற விதிவிலக்குகள் மிகக் கொஞ்சம். ஜூலியன் மார்ச் 21 என்பது இப்போது நம் ஏப்ரல் 3. அவர்களுடைய அட்டவணை நிலாவும் மேற்கின் அட்டவணை நிலாவுக்கு நான்கைந்து நாள் பின்தங்கி வருகிறது. இந்த இரண்டையும் வைத்தே எல்லா வித்தியாசத்தையும் விளக்கிவிடலாம். 2025-இல் மேற்கின் பௌர்ணமி ஏப்ரல் 13, கிழக்கின் பௌர்ணமி ஏப்ரல் 17; இரண்டுக்கும் அடுத்த ஞாயிறு 20, அதனால் ஒரே நாள். 2026-இல் ஏப்ரல் 2, ஏப்ரல் 6. நடுவில் ஒரு ஞாயிறு புகுந்துவிட்டது, அதனால் 5-உம் 12-உம். 2024-இல் மேற்கு எடுத்துக்கொண்ட மார்ச் 25 பௌர்ணமி, கிழக்குக்கு எல்லைக்கோட்டுக்கு வெளியே. அவர்கள் அடுத்ததற்குக் காத்திருந்ததால் மார்ச் 31-க்கும் மே 5-க்கும் ஐந்து வாரம் இடைவெளி. அடுத்து இரண்டும் சேர்வது 2028 ஏப்ரல் 16.

ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் யூதப் பஸ்காவுக்குப் பிறகுதான் வர வேண்டும் என்று நிசேயா விதித்தது, அதனால்தான் இந்தத் தாமதம் என்று கிழக்கிலேயே பலர் சொல்வார்கள். நிசேயா அப்படி எதுவும் விதிக்கவில்லை. ஜூலியன் அட்டவணை பிந்திக்கொண்டே போவதால் அது எப்போதும் பஸ்காவுக்குப் பின் விழுகிறது. விளைவை விதியாக எடுத்துக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை: யூதக் கணக்கைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதுதான் நிசேயாவின் முடிவே.

வானத்து நிலாவையே பார்த்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் நாடுகள் 1700-இல் அட்டவணையை ஒதுக்கி, கெப்ளரின் கோள் கணக்குப்படி உண்மையான பௌர்ணமியைக் கணித்தன. 1724-இல் அவர்களுக்கு ஏப்ரல் 9, கத்தோலிக்கர்களுக்கு ஏப்ரல் 16. 1744-இலும் ஒரு வாரம் பிரிந்தார்கள். 1776 முதல் எல்லோருக்கும் ஒரே அட்டவணை. துல்லியம் கூடியபோது ஒற்றுமை குறைந்தது. வானத்துப் பௌர்ணமி ஒரு கணம். அந்தக் கணத்தில் ஓரிடத்தில் சனி, இன்னோர் இடத்தில் ஞாயிறு. எந்த ஊர் நேரத்தைக் கொள்வது? 1923-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆர்த்தடாக்ஸ் மாநாடும், 1997-இல் அலெப்போவில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூட்டிய ஆலோசனையும் எருசலேம் நேரம் என்றன. நல்ல விடைதான். ஆனால் எந்தப் பெரிய சபையும் அதன்படி இன்னும் ஈஸ்டரைக் கொண்டாடத் தொடங்கவில்லை.

நிலாவே வேண்டாம், ஒரு ஞாயிற்றை நிரந்தரமாக வைத்துவிடலாம் என்பது இன்னொரு யோசனை. மற்றத் திருச்சபைகள் சம்மதித்தால் எதிர்ப்பில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சொன்னது. அதற்கும் முன்னால், 1928-இல், பிரிட்டன் நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது: ஏப்ரலின் இரண்டாம் சனிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதை நடைமுறைக்குக் கொண்டுவரத் தனி உத்தரவு வேண்டும், அதற்கு முன் திருச்சபைகளின் கருத்தையும் பார்க்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சட்டம் ரத்தாகவில்லை, உத்தரவும் இதுவரை வரவில்லை.